தாய்மாமன் மொய் நூற்றியொன்று

இளையாத்தங்குடி
2.6.2025

திரு. மு. ஈஸ்வரன் அவர்களுக்கு,

சேவுகப்பெருமாள் மனைவி சித்ரா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கு மதினியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

உங்களோட இனிமே பேசமாட்டேன்னு ஏழு வருஷத்துக்கு முன்னாடி குன்றக்குடி முருகன் சன்னதியில சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினேன். எழுதமாட்டேன்னு பண்ணலை. அதனால எழுதுறேன். போன் பண்ணாதீக, எடுக்கமாட்டேன்.

விஷயம் இதுதான். மூத்தவ சத்தியப்பிரியாவுக்குச் சென்னையில ஒரு பல்கலைக்கழகத்துல பிசியோதெரபி படிக்க எடம் கெடச்சிருக்கு. முதல் வருஷத்துக்கு ஹாஸ்டலோட சேத்து ஒண்ணேமுக்கால் லட்சம். ஜூலை பத்தாம் தேதிக்குள்ள கட்டலைன்னா எடம் வேற பிள்ளைக்குப் போயிரும். கல்விக்கடன் கேட்டு ரெண்டு பேங்க்ல எழுதிக் குடுத்தோம். ரெண்டுலயும் இல்லைன்னுட்டாக. காரைக்குடியில ஒரு டிரஸ்ட்ல கேட்டோம், விண்ணப்பம் வாங்குற தேதி எப்பவோ முடிஞ்சுபோச்சாம். என் நகை தண்ணிக்குப் போர் போட்டப்ப அடகுக்குப் போனது, இன்னும் வீடு திரும்பலை.

மிச்சம் இருக்குறது ஒரே வழி. பதினெட்டு வருஷமா நாங்க ஊரெல்லாம் மொய் செஞ்சிருக்கோம். அது திரும்ப வரணும்னா வீட்டுல ஒரு விசேஷம் வைக்கணும். எங்க வீட்டுல பாக்கி இருக்குற விசேஷம் சின்னவ சௌபர்ணிகாவோட காதுகுத்து மட்டுந்தான். அவளுக்கு எட்டு வயசாச்சு. பள்ளிக்கூடத்துல மூளிக்காதுன்னு கேலி பண்றாக. தாய்மாமன் மடியில உக்கார வைக்காம குத்துனா இந்த வீட்டுல ஒத்துக்கமாட்டாக. அவளுக்குத் தாய்மாமன்னு இருக்குறது நீங்க ஒரு ஆளுதான்.

ஜூன் 29, ஞாயித்துக்கிழமை. காலையில ஒம்பது மணிக்கு வந்து மடியைக் குடுத்துட்டு, சாப்பிட்டுட்டுப் போகலாம். சீர் ஒண்ணும் வேணாம். பதில் எழுதவும்.

இப்படிக்கு,
சே. சித்ரா


குன்றக்குடி
7.6.2025

தங்கச்சி சித்ராவுக்கு,

ரெண்டு பஸ் மாறினா ஒரு மணி நேரத்துல வர்ற தூரம். உன் கடுதாசி நாலு நாள் எடுத்துக்கிட்டு வந்திருக்கு. போஸ்ட்மேன் குடுத்தப்போ கோர்ட் நோட்டீஸோன்னு உன் மதினி பயந்துட்டா. பிரிச்சு அந்தத் 'திரு'வைப் பாத்ததும் எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

சத்யா மார்க் எடுத்தது ரொம்பச் சந்தோஷம். டிராக்டர் வாங்கின புதுசுல டயருக்கு மேல இருக்குற மக்கார்டுல உக்காந்துக்கிட்டு எறங்கமாட்டேன்னு அடம் பிடிச்ச பிள்ளை. இங்குட்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

ஆனா மடியைக் குடுத்துட்டுப் போக நான் என்ன நாற்காலியா? தாய்மாமன் வெறுங்கையோட வந்து உக்காந்தா ஊரு சிரிக்கும். என் வாழ்க்கையில ஊரு என்னைப் பாத்துச் சிரிச்சதில்லை, இனிமேலும் சிரிக்க விடமாட்டேன். வந்தா தோடு, பட்டுப்பாவாடை, கெடா, பழத்தட்டு எல்லாத்தோடயும் கொட்டு மேளம் வச்சுத்தான் வருவேன். அதுக்கு மாப்பிள்ளை முறைப்படி நேர்ல வந்து வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணும். தபால்ல வந்த அழைப்புக்கு நான் எங்கயும் போறதில்லை.

ஒண்ணு கேக்குறேன். மாப்பிள்ளை யார்கிட்டயும் பத்து ரூபா கைநீட்டி வாங்காத ஆளு. அவருக்கு எதுக்குக் கடன் இல்லைன்னாக? பேங்க்ல என்ன காரணம் சொன்னாக? மறைக்காம எழுது.

உன் அண்ணன்
ஈஸ்வரன்


இளையாத்தங்குடி
12.6.2025

திரு. ஈஸ்வரன் அவர்களுக்கு,

இதை உங்களுக்கு எழுதக்கூடாதுன்னு அவுக சொல்லியிருக்காக. நீங்க கேட்டதால எழுதுறேன்.

நீங்க டிராக்டர் வாங்கினப்போ அவுக ஜாமீன் கையெழுத்துப் போட்டாக. நீங்க தவணை கட்டலை. பேங்க் ஆளுக எங்க வாசல்ல நின்னு அவுக பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக. அன்னைக்குத்தான் நமக்குள்ள பேச்சு நின்னது. அப்புறம் நீங்க பேங்க்ல பேசி, தொண்ணூத்துநாலாயிரம் தள்ளுபடி வாங்கி, மிச்சத்தைக் கட்டி முடிச்சீக. கெட்டிக்காரத்தனமா முடிச்சுட்டேன்னு போற வார எடமெல்லாம் சொன்னீக.

தள்ளுபடி வாங்கின கடன் முடிஞ்ச கடன் இல்லையாம். வாங்கினவுக பேருலயும் ஜாமீன் போட்டவுக பேருலயும் அது கம்ப்யூட்டர்ல அப்படியே கிடக்குமாம். மேனேஜர் எங்க பக்கம் திருப்பிக் காமிச்சாரு. எம் மகளுக்குக் கடன் இல்லாமப் போனதுக்கு அதுதான் காரணம். ரெண்டு பேங்க்லயும் அதேதான்.

யாருங்க இந்த ஈஸ்வரன்னு மேனேஜர் கேட்டாரு. "எங்க மச்சான். நல்ல மனுஷன். அந்த வருஷம் மழை இல்லைங்க"ன்னு அவுக சொன்னாக. வெளியில வந்து, ஈஸ்வரனுக்கு இது தெரிய வேணாம்னாக. சத்யா ஊர் வர்ற வரைக்கும் பஸ் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தா.

அவுக அழைக்க வரமாட்டாக. கோவம் இல்லை. உங்க வீட்டுப் படி ஏறினா இந்தப் பேச்சு வாயில வந்துருமோன்னு பயப்படுறாக. அதனால அழைப்பு இதுதான். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.

சே. சித்ரா


குன்றக்குடி
18.6.2025

சித்ராவுக்கு,

கடுதாசி கெடச்சது. படிச்சேன்.

29ஆம் தேதி வாரேன். மாப்பிள்ளை அழைக்க வரவேணாம். கொட்டு மேளம் இல்லை. சின்னவளுக்குத் தோடு வாங்கியாச்சு.

ஈஸ்வரன்


இளையாத்தங்குடி
30.6.2025

ஏண்ணே இப்படிப் பண்ணினீக?

சீர் வேணாம்னு நான் எழுதினேந்தான். வேணாம்னா அப்படியே கேட்டுக்கிறதா? ஊரு சிரிக்க விடமாட்டேன்னு எழுதின ஆளு நீங்கதானே? பொட்டு மாதிரி ஒரு தோட்டை வாங்கிக்கிட்டு, மதினியைக்கூட வீட்டுல விட்டுட்டு, டவுன் பஸ்ல வந்து எறங்குறீக.

மொய் எழுதுற விக்கி லேப்டாப்பை வச்சுக்கிட்டு மைக்ல முதல்ல உங்க பேரைத்தான் வாசிச்சான். "குன்றக்குடி ஈஸ்வரன், தாய்மாமன் மொய் நூத்தியொண்ணு"ன்னான். தப்பா வாசிச்சுட்டோமோன்னு கவருக்குள்ள பாத்துட்டு மறுபடியும் வாசிச்சான். பந்தியில சோத்தைக் கையில வச்சுக்கிட்டு சிரிச்சாக. டிராக்டர்க்காரரு மொய்யப் பாருன்னு எதிர்வீட்டு அக்கம்மாள் என் காதுபடவே சொன்னா. நீங்க பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு தரையைப் பாத்துக்கிட்டு இருந்தீக. ஆசாரி ஊசியை எடுத்தப்போ அவ அழுதா, நீங்க அவ கண்ணைப் பொத்துனீக. அதையும் பாத்தேன். ஆனாலும் எனக்கு மனசு ஆறலை.

உங்க பெரியவ சடங்குக்கு நாங்க ஒரு பவுனும் பத்தாயிரமும் செஞ்சோம். அதைக் கேக்குறது அசிங்கம், கேக்கலை. சாப்பாட்டுச் செலவு போக ஒண்ணரை லட்சத்துச் சொச்சம் வந்திருக்கு. இன்னும் இருபத்திமூவாயிரம் வேணும். மருமக படிப்புக்குன்னு தெரிஞ்சும் உங்களுக்கு மனசு வரலையே அண்ணே. உங்களுக்குப் போட்ட கையெழுத்தாலதானே அவ இந்த நிலைமையில நிக்கிறா?

இனிமே எழுதவும் மாட்டேன். அதுக்கும் ஒரு சூடம் அணைச்சுக்கிறேன்.

சித்ரா


இளையாத்தங்குடி
1.7.2025

அண்ணனுக்கு,

நேத்து ஒரு கடுதாசி போட்டேன். இன்னைக்குக் காலையில போஸ்ட் ஆபீஸுக்கு ஓடிப்போய், திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். பை போயிருச்சு, போட்டா போட்டதுதாம்மான்னாரு. அது வந்தா பிரிக்காதீக.

மொய்க் கவரையெல்லாம் சத்யா அடுக்கினப்போ உங்க கவர்ல ஒரு பேப்பர் மடிச்சு இருந்துச்சு. வாழ்த்துக் கடுதாசின்னு விக்கி உள்ளேயே விட்டிருக்கான். சத்யா பிரிச்சுச் சத்தமா வாசிச்சா. தள்ளுபடி பண்ணின தொண்ணூத்துநாலாயிரமும் ஜூன் 25ஆம் தேதி கட்டியாச்சு, கடன் முழுசா தீந்துபோச்சு, ஜாமீன்தாரர் சேவுகப்பெருமாளுக்கு இனி எந்தப் பொறுப்பும் இல்லைன்னு சீல் போட்டு எழுதியிருந்தாக.

அவுக இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாக. கேட்டுட்டு எழுந்திருச்சு சட்டையை மாட்டினாக. கடைக்குப் போய் வெத்தலை, பாக்கு, பழம் வாங்கியாந்து தட்டுல வச்சாக. எங்க போறீகன்னு கேட்டேன். மச்சானை அழைக்கணும்லன்னாக. விசேஷம்தான் முடிஞ்சுபோச்சேன்னேன். முடிஞ்சா என்ன, அழைக்காதது அழைக்காததுதானேன்னாக. வந்தா சிரிக்காதீக. இந்தக் கடுதாசியை அவுக கையிலயே குடுத்துவிடுறேன்.

அந்தப் பேப்பரைப் பத்திப் பேங்க்ல போன் பண்ணிக் கேட்டோம். கம்ப்யூட்டர்ல பேர் சரியாக ஒண்ணரை மாசம் ஆகுமாம். ரெண்டாம் வருஷத்துக்கு மறுபடியும் எழுதிக் குடுங்க, இந்தக் காரணத்துக்காக இல்லைன்னு சொல்லமாட்டோம்னு மேனேஜர் சொன்னாரு. இந்த வருஷத்துக்குக் குறையுற பணத்துக்கு அவுக வேலை பாக்குற அரிசி மில்லுல முன்பணம் தாரேன்னுட்டாக. நாளைக்கே கட்டிருவோம். சத்யா பெட்டி எடுத்து வச்சுக்கிட்டு இருக்கா. சின்னவ தோட்டைக் கண்ணாடியில பாத்துக்கிட்டே இருக்கா, சீப்பு எடுக்கவிட மாட்டேங்குறா.

ஒண்ணுதான் எனக்குப் புரியலை. விக்கி நூத்தியொண்ணுன்னு வாசிச்சப்போ, உள்ள ஒரு பேப்பர் இருக்கு, அதையும் வாசி தம்பின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எதுக்கு அண்ணே அம்புட்டுப் பேர் முன்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தீக?

தங்கச்சி
சித்ரா


குன்றக்குடி
4.7.2025

தங்கச்சி சித்ராவுக்கு,

மாப்பிள்ளை வந்தாரு. தட்டை வச்சாரு. நான் எடுத்துக்கிட்டேன். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் மழையைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். மதினி மீன் கொழம்பு வச்சா. கெளம்புறப்போ, டிராக்டர் நிக்குது, டிரெய்லரைக் காணோமேன்னாரு. வித்துட்டேன்னேன். தேவைப்படுறப்போ வாடகைக்குப் பிடிச்சுக்கலாம். வித்த பணம் பேங்க்ல கட்டுறதுக்கே சரியாப் போச்சு. பட்டுப்பாவாடைக்கும் கெடாவுக்கும் கையில மிச்சம் இல்லை. கூட வந்தா அழுதுருவேன்னு மதினி வரலை.

ஏன் மைக்ல வாசிக்கச் சொல்லலைன்னு கேட்டிருக்கே. வாசிச்சிருந்தா, மாப்பிள்ளை பேரு ஏழு வருஷமா பேங்க்ல கெட்டுக் கிடந்தது ஊருக்கே தெரிஞ்சிருக்கும். அவரு என் பேரை மேனேஜர்கிட்டகூட விட்டுக் குடுக்கலை. என்னைப் பாத்து ஒரு நாள் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

நீ பிரிக்காதீகன்னு சொன்ன கடுதாசி நேத்து வந்துச்சு. பிரிச்சுட்டேன். மதினிக்கும் வாசிச்சுக் காமிச்சேன். 'ஏண்ணே'ன்னு ஆரம்பிச்ச முதல் வரியை மட்டும் ரெண்டு தடவை வாசிச்சேன். மாப்பிள்ளை கையில குடுத்துவிட்டதுலயும் அண்ணனுக்குன்னுதான் எழுதியிருந்தே. ஆனா அதை அந்தப் பேப்பரைப் பாத்தப்பெறகு எழுதினே. இது கோவத்துல உன்னை அறியாம வந்தது. ஏழு வருஷம் ஆச்சு நீ என்னை அப்படிக் கூப்பிட்டு. அந்தக் கடுதாசியை டிராக்டர் ஆர்.சி. புக்குக்குள்ள வச்சிருக்கேன்.

சத்யா ரயிலேறுற அன்னைக்கு நானும் மதினியும் காரைக்குடி ஸ்டேஷனுக்கு வாரோம். நீ பேசவேணாம், சாமி முன்னாடி சொன்னது அப்படியே இருக்கட்டும். திட்டணும்னு தோணினா மட்டும் எழுது.

உன் அண்ணன்
ஈஸ்வரன்