ஏன் அங்கை நிண்டனீர்?

சரவணை
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் நிலக்ஷனுக்கு,

நானும் மகளும் சுகம். உங்களையும் சுகமாக வைத்திருக்க நயினை அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். முன்வீட்டுக் கஜனியின் மனுசன் லீவு முடிந்து டோகாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஃபோன் இருக்க இவளுக்கு ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் நீங்கள் குறுக்கே வருகிறீர்கள், போன கிழமை வரைக்கும் அந்த ஓட்டோச் செயலியும் இடையில் மணி அடித்தது. கடிதத்தை இடையில் மறிக்க ஒருவராலும் ஏலாது.

மழை நல்லாய்ப் பெய்தது. மகளுக்குச் சளி குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அன்னபூரணம் மாமிக்குத்தான் கண் இன்னும் மங்கல்.

நான் ஓடுகிற ஓட்டோவைச் செயலியில் உங்கள் பெயரிலேயே பதிந்தீர்கள். குறிகட்டுவான் துறையில் படகால் இறங்குகிற சுற்றுலாச் சனம் ஓட்டோ கேட்டு அழைக்கிற கோல் தானாக வரும் என்றீர்கள். வந்ததுதான். அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். நான் எங்கே ஓடுகிறேன், எங்கே நிற்கிறேன் என்று அங்கிருந்தே பார்த்தீர்கள். மாமியைக் கையில் பிடித்து ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப்போய் வருவதற்குள், "ஏன் அங்கை இவ்வளவு நேரம் நிண்டனீர்?" என்று கேட்டீர்கள். என் சங்கிலியை விற்று நான் வாங்கிய ஓட்டோ. யாருக்கு வேலை செய்கிறேன் என்று எனக்கே விளங்காமல் போனது.

செவ்வாய்க்கிழமை நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், வழக்கம்போலப் பவதாரணியின் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஏற்றப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, குறிகட்டுவானிலிருந்து வந்த கோலை நீங்கள் டோகாவில் இருந்தே ஏற்றுக்கொண்டீர்கள். "பிள்ளையளை ஏத்தவேணும், எனக்கு ஏலாது" என்று ஃபோனில் சொன்னேன். "பிள்ளையள் கொஞ்சம் நிப்பினம். கோலை விட்டால் செயலியிலை எங்கடை புள்ளி இறங்கும், பிறகு ஓட்டம் ஒண்டும் தராங்கள்" என்றீர்கள். நானும் ஒரு விசரி, ஓட்டோவைத் திருப்பினேன். புங்குடுதீவுப் பாலம் தாண்டவும் கோல் தந்தவர்கள் பயணத்தை ரத்துச் செய்யவும் சரியாக இருந்தது.

திரும்பி வந்தால் பள்ளிக்கூட வாசல் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளைக் காணவில்லை. அப்போது என் நெஞ்சு பட்ட பாடு உங்கள் ஃபோனில் தெரிந்திராது. நின்று அலுத்து, இரண்டும் நடக்கத் தொடங்கியிருந்தன. மதகடியில் கண்டேன். சின்னவள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தாள். பவதாரணி என்னை ஏசவில்லை. "நாளைக்கு வரவேண்டாம் அக்கா" என்றாள், அவ்வளவுதான். நாலு ஏச்சு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னேரம் நீங்கள் ஃபோன் எடுத்தீர்கள். பிள்ளைகள் வீடு சேர்ந்தார்களா என்று கேட்கவில்லை. புள்ளி ஏன் இறங்கியது, மதகடியில் ஏன் நின்றேன், இவைதான் உங்கள் கேள்விகள்.

அடுத்த நாளே செயலியை ஃபோனில் இருந்து அழித்துவிட்டேன். கோபத்தில் செய்தேன் என்பீர்கள். கோபம்தான், ஆனால் ஒரு இரவு யோசித்துத்தான் செய்தேன். பவதாரணியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளை இன்னும் தரவில்லை. தன் தாயைக் கிளினிக்குக் கூட்டிப்போக மட்டும் வரச் சொல்லியிருக்கிறாள். அதுவே எனக்குப் பெரிது.

உங்கள்மேல் இருக்கிற கோபத்தை எழுதினால் ஒரு முழுக் கொப்பியும் காணாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வீடு வீடாய்க் கொடுக்கிற சாப்பாட்டுப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த வெயிலில் மோட்டார்சைக்கிள் ஓடுகிறீர்கள். அங்கேயும் சொந்தத் தொழில் என்று சொல்லித்தானே அந்தக் கொம்பனிக்காரர் உங்களைச் சேர்த்தார்கள்? தண்ணீர் குடிக்க நின்றாலும் ஏன் நிற்கிறாய் என்று ஃபோன் கேட்கிறது என்று ஒரு நாள் என்னிடம் அழுதீர்கள். அதே கேள்வியை என்னிடம் கேட்கும்போது, உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கவில்லையா?

இனி நீங்கள் ஃபோன் எடுத்தால் எங்கே போனேன், யாரைக் கண்டேன் என்று நானாகவே எல்லாம் சொல்வேன். என்னைக் கேள்வி கேட்காதேங்கோ. நிழல் கண்ட இடத்தில் நீங்களும் நில்லுங்கோ. ஆறுதலாகத் தண்ணீர் குடியுங்கோ. ஃபோன் அடித்தால் அடிக்கட்டும். உங்களை முழு ஆளாக எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது அம்மன் பொறுப்பு.

என்றும் உங்கள்
துஷாந்தி