இடப்பக்கம் இழுக்கிற வண்டி

நவம்பர் 2, 2025, ஞாயிறு

பின்பக்க லீஃப் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி, துரு சுரண்டி, கிரீஸ் போட்டு மாட்டியாச்சு. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்றுக்கு முடிந்தது. வொர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் ஒரு வாரம் "நாளைக்கு வா"தான். நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினேன், அளவை வண்டி நோட்டில் எழுதினேன். எந்த வேலை செய்தாலும் அந்த நோட்டில் ஏறும். இரண்டு வருஷத்தில் நூற்றுப் பதினாறு வேலை. தொண்ணூற்றொன்பது மாடல் டீசல் பிக்கப்புக்கு இப்படி ஒரு சரித்திரம் இந்தத் திருவனந்தபுரத்தில் வேறு யாரிடமும் இருக்காது.

வீட்டு ஓனர் ராஜையன் அங்கிள் மதில் மேல் கையை வைத்து எட்டிப் பார்த்தார். "எந்தரு அப்பீ, இது இனி ஓடுமா? ஆக்கிரிக்காரனை விளிக்கட்டா?" வாராவாரம் இதே கேள்வி. பழைய இரும்புக்காரன் வந்தால் முதலில் உங்கள் ஸ்கூட்டரைத்தான் எடுப்பான் என்றேன். சிரித்தார். வாடகை ஏறாமல் இருக்கவேண்டும்.

நவம்பர் 8, சனி

செல்வகணேஷ் ஒரு உதவி கேட்டான். கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீஸ் கட்டிடத்துக்கு அவன்தான் எலக்ட்ரீஷியன். ஒன்றரை வருஷமாக மத்தியானச் சாப்பாடு ஒரே மேஜையில். அவன் அம்மா வடிவம்மாள் போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். வேலையை முடித்துக்கொண்டு மகனோடு இருக்க வருகிறார். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை ஜனவரி பத்தாம் தேதிக்குள் காலி செய்யவேண்டும். கட்டில், பீரோ, ஆட்டுக்கல், நாற்பது வருஷத்துத் தட்டுமுட்டு. விதுரையிலிருந்து வாடகை வண்டிக்காரர்கள் அந்த ரோட்டுக்கு வர மாட்டேன் என்கிறார்களாம்.

"என் வண்டி ஏறும்" என்றேன்.

"ஏறுறது கெடக்கட்டும்ல. எறங்குமா? எங்கம்மா எறக்கத்துல கண்ண மூட மாட்டா. பஸ்ல வந்தாலும் முன்னால நின்னு டிரைவர் காலையே பாத்துக்கிட்டு வருவா."

"என் காலையும் பார்க்கட்டும்."

வண்டியின் ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் டிசம்பரில் முடிகிறது. அதற்கு முன்னால் டெஸ்ட் முடித்துவிடலாம். பெரிய விஷயமில்லை.

நவம்பர் 19, புதன்

ஃபெயில்.

ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் மைதானத்தை இரண்டு சுற்று ஓட்டச் சொன்னார். மூன்றாவது தடவை பிரேக் பிடித்தபோது வண்டி இடது பக்கம் இழுத்தது. ஒரு அடி, அல்லது ஒன்றரை. மைதானமே இடது பக்கம் சரிவு என்றேன். மற்ற வண்டிகள் நேராகத்தானே நிற்கின்றன என்றார். நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்றேன்.

"அது ஆர்.சி.யில எழுதணுமா?" என்று கேட்டார். பின்னால் வரிசையில் நின்ற ஆட்டோக்காரன்கள் எல்லாம் சிரித்தான்கள்.

சரி. இடது பக்கம் பிரேக் அதிகமாகப் பிடிக்கிறது. வேறென்ன இருக்க முடியும்? இரண்டு ஞாயிறு போதும்.

நவம்பர் 23, ஞாயிறு

முன் டிரம் இரண்டும் லேத்தில் கொடுத்துக் கடைந்தாச்சு. நான்கு ஷூவும் புதிது. இடது வீல் சிலிண்டர் புதிது. பிரேக் குழாயில் இருந்த ஏர் எடுத்தாச்சு. காரியவட்டம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு பிரேக் நேர். அப்புறம் இடது.

நவம்பர் 29, சனி

வலது டிரம்மை இடதில் மாட்டினேன், இடதை வலதில். இடது. டயரை மாற்றினேன். இடது. அலைன்மெண்ட் பார்த்தேன், மில்லிமீட்டர் பிசகில்லை. பிரேக் ஆயில் வருகிற இரும்புக் குழாய் முடிகிற இடத்திலிருந்து சக்கரம் வரைக்கும் ஒரு ரப்பர் ஹோஸ் உண்டு, சக்கரம் திரும்பும்போது வளைந்து கொடுக்க. அதையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அது நல்ல ஹோஸ்.

ஏன்டா உயிரை வாங்குகிறாய்?

டிசம்பர் 7, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

இடது பிரேக் அட்ஜஸ்டரை நான்கு பல் தளர்த்தினேன். ஷூ டிரம்மைத் தொடக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். எட்டுத் தடவை பிடித்துப் பார்த்தேன். எட்டும் நேர்.

டிசம்பர் 10, புதன்

பாஸ்! அதே இன்ஸ்பெக்டர். கையெழுத்துப் போட்டார். சர்ட்டிபிகேட்டைப் படம் எடுத்துச் செல்வகணேஷுக்கு அனுப்பினேன். "அம்மாட்ட சொல்லிட்டேன், கட்டில கழத்த ஆரம்பிச்சிட்டா" என்று பதில். ஒரு மாசம் முன்னாலேயே!

டிசம்பர் 13, சனி

வண்டி நோட்டைத் திறந்தேன். 124வது வேலை. பேனாவை எடுத்து, மூடி வைத்தேன். அட்ஜஸ்ட்மெண்ட் எல்லாம் ஒரு வேலையா?

அப்படியானால் ஏப்ரலில் கிளட்ச் கேபிளை அரை சுற்று முறுக்கியதை மட்டும் ஏன் எழுதியிருக்கிறேன்?

டிசம்பர் 21, ஞாயிறு

பாறசாலையிலிருந்து அம்மா போன். சபையில் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு வண்டி வேண்டுமாம். பின்னால் பிள்ளைகள் பதினைந்து பேர், ஒரு டிரம், ஒரு பெரிய ஸ்டார்.

"கிளட்ச் வேலை இருக்கு" என்றேன்.

"செர்ட்டிபிக்கெட்டு கெடச்சாச்சுன்னு சொன்னியே மக்களே?"

"அது வேற."

"என்ன வேற? எல்லாருட்டயும் சொல்லிப்போட்டேன். இனி நான் பாஸ்டரு மொகத்துல எப்பிடி முழிக்கியது?"

கிளட்ச்சில் ஒரு குறையும் இல்லை. அம்மாவிடம் பொய் சொன்னேன். பிள்ளைகளை ஏற்ற மாட்டேன், ஆனால் வடிவம்மாளை ஏற்றுவேன். இதில் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. பிறகு யோசிக்கலாம்.

டிசம்பர் 26, வெள்ளி

பாதி ஆபீஸ் லீவு. ஷிஜா வந்திருந்தாள். எங்கள் சாஃப்ட்வேர்களை டெஸ்ட் பண்ணுகிறவள். நான் எழுதியதில் இதுவரை எழுபது தப்பு கண்டுபிடித்திருக்கிறாள், எண்ணியும் வைத்திருக்கிறாள். பிக்கப் கதையைச் சொன்னேன். அட்ஜஸ்டர் சமாசாரத்தை விட்டுவிட்டுத்தான்.

"லோடு வச்சு டெஸ்ட் பண்ணியோ?"

தேவையில்லை என்றேன். கவர்ன்மெண்ட் டெஸ்டே பாஸ்.

"சமதள மைதானத்துல, காலி வண்டியில. அல்லே?" அப்புறம் சூயிங்கம்மை மென்றுகொண்டே ஸ்கிரீன் பக்கம் திரும்பிவிட்டாள். வாதாடினாலாவது பதில் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் அவளுக்கு.

டிசம்பர் 28, ஞாயிறு

இதை எழுதுவதற்கே எரிச்சலாக இருக்கிறது.

ராஜையன் அங்கிள் வீட்டுப் பின்னால் கிடந்த வெட்டுக்கல் இருபது ஏற்றினேன். அரை டன் இருக்கும். பொன்முடி. மலை ஏற்றம் அருமை, இரண்டாவது கியரில் முனகாமல் ஏறியது. மேலே டீ குடித்தேன். இறக்கத்தில் முதல் ஐந்தாறு வளைவு பிரமாதம். விசிலடித்துக்கொண்டு வந்தேன் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாவது வளைவில் ஒரு வாசனை. கரிந்த வாசனை. முன்னால் போன பஸ்தான் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்தினேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. வண்டி நேரா இடது பக்கம்! ஸ்டியரிங்கை ரெண்டு கையால வலிச்சு இழுத்தேன், ஹேண்ட் பிரேக், முதல் கியர், என்னென்னமோ செஞ்சேன். ரோட்டோர ஓடைக்கு ஒரு முழம் முன்னால நின்னுச்சு. அந்தப் பக்கம் ஓடைக்குப் பதிலா பள்ளமா இருந்திருந்தா? போனக்காடு ரோட்டுல ஓடையே கெடையாது, நேரா பள்ளம்தான்.

இடது சக்கரத்திலிருந்து புகை. பாட்டில் தண்ணீரை ஊற்றினேன், சீறியது. வலது டிரம்மில் கையை வைத்தேன். சும்மா வெதுவெதுப்பு.

தளர்த்திய பக்கம்தானே குறைவாகச் சூடாக வேண்டும்?

முக்கால் மணி நேரம் கல் மேல் உட்கார்ந்திருந்தேன். அந்த முன்சீட்டில் ஒரு ஆள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காலையே பார்க்கிற மாதிரி இருந்தது.

டிசம்பர் 29, திங்கள்

ஷிஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு பல்லையும் சேர்த்து. "எழுபத்தொண்ணு" என்றாள். அப்புறம்:

"நீ லாகின் மட்டும் டெஸ்ட் பண்ணியிருக்க சுபினே. ஆளு உள்ள போகுது, சரி. லாகவுட் ஆகுதோ?"

பிரேக்குக்கு என்ன லாகவுட், மண்டையில் ஏறவில்லை, போ என்றுவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில், ஒரு சிக்னலில் நிற்கும்போது ஏறியது. பிடிக்கிறதா என்று நூறு தடவை பார்த்தேன். விடுகிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

செல்வகணேஷிடம் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. டெஸ்டில் பாஸாகறதுக்காக இடது பிரேக்கைத் தளர்த்தினேன், கோளாறு அப்படியே இருக்கு, பொன்முடியில் கவிழப் பார்த்தேன் என்றேன். சர்ட்டிபிகேட் செல்லும், ஆனால்...

"செர்ட்டிபிகேட்ட வச்சு நான் என்னல செய்ய? முன்சீட்ல இருக்கப்போறது எங்கம்மா."

"அதனாலதான் சொல்றேன்."

"இருவது நாளு கழிச்சா? படம் புடிச்சு அனுப்புனியே, அன்னைக்குச் சொல்லத் தெரியலயா? கட்டிலக் கழத்திப் போட்டுட்டுத் தரையில படுக்காலே அவ!"

பாதிச் சோற்றோடு எழுந்து போய்விட்டான். மீன் பொரித்ததைத் தொடவே இல்லை. அவன் மீனை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

ஜனவரி 1, 2026, வியாழன்

செல்வகணேஷை மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜனவரி 3, சனி

கிடைத்தது. கிடைத்தது. கிடைத்தது.

இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். கையால் சுற்றினேன், சுற்றியது. பிரேக்கை ஐந்தாறு தடவை நன்றாக மிதித்துவிட்டு இறங்கி வந்து சுற்றினேன். சுற்றவில்லை. காலை எடுத்து ஒரு நிமிஷம் ஆகியும் பிடித்தே இருக்கிறது. சிலிண்டரில் ஏர் எடுக்கிற நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தேன். பிரேக் ஆயில் பீச்சியது, என் கண்ணாடியெல்லாம் ஆயில். சக்கரம் உடனே சுற்றியது.

ஹோஸ். அந்த "நல்ல ஹோஸ்".

கழற்றி நீளவாக்கில் பிளந்தேன். வெளியே புதிது மாதிரி. உள்ளே ரப்பர் ஊதி, துவாரம் ஊசிமுனை அளவு. காலின் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர வழியில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தேங்கும். காலி வண்டியில், எட்டுப் பிடியில், நான்கு பல் இடைவெளி அதை மறைத்துவிட்டது. இருபது வளைவில் மறைக்காது.

டிரம் கடைந்தேன், ஷூ மாற்றினேன், சிலிண்டர் மாற்றினேன், டயர் மாற்றினேன். ஒரு முழம் ரப்பரை மாற்றவில்லை. ஏனென்றால் நான் பார்த்தேன். பார்த்தால் எனக்குத் தெரியும்!

தம்பானூருக்குப் போய் இரண்டு பக்கத்துக்கும் புது ஹோஸ் வாங்கி வந்தேன். மாட்டினேன். அட்ஜஸ்டர் நான்கு பல்லும் பழைய இடத்துக்கு. டிரம்மில் கரிந்த ஷூவும் போச்சு, அதுவும் புதிது. பழைய ஆயில் முழுக்க எடுத்துப் புதிது ஊற்றினேன்.

செல்வகணேஷுக்கு ஒரே ஒரு மெசேஜ்: "நாளை காலை ஏழுக்குப் பொன்முடி. அரை டன் கல். நீ வந்து பார். உனக்குத் திருப்தியில்லைன்னா பத்தாம் தேதிக்கு வேற வண்டி நான் பிடிச்சுத் தரேன்."

பிளந்த ஹோஸின் படத்தையும் அனுப்பினேன்.

ஜனவரி 4, ஞாயிறு

ஆறே முக்காலுக்கே வாசலில் நின்றான். கல் ஏற்ற மட்டும் கை கொடுத்தான். ராஜையன் அங்கிள் பல் தேய்த்துக்கொண்டே, "மீண்டும் கல்லா? என் கல்லுக்கு டூர் காட்டுதியா அப்பீ?" என்றார். செல்வகணேஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். அப்போதே பாதி நிம்மதி.

இருபத்திரண்டு வளைவும் இறங்கினோம். நேர். ஒவ்வொன்றும் நேர். அடிவாரத்தில் நிறுத்தியதும் என்னைத் தொடவிடவில்லை, அவனே இறங்கி இடது டிரம்மில் புறங்கையை வைத்தான். வலது பக்கம் போய் வைத்தான். மறுபடி இடது. இப்படி மூன்று தடவை.

"ரெண்டும் ஒரே சூடு" என்றான்.

அப்புறம்: "சனிக்கிழம எத்தன மணிக்கு?"

இரவு வண்டி நோட்டில் எழுதினேன். 124: டிச. 7. இடது முன் அட்ஜஸ்டர் 4 பல் தளர்த்தியது. காரணம்: டெஸ்டில் பாஸாக. 125: இரண்டு முன் ஹோஸும் மாற்றியது. காரணம்: 124ல் செய்திருக்க வேண்டியது.

இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்லப்போவதில்லை. அந்த அளவுக்கு நல்லவன் இல்லை.

ஜனவரி 10, சனி

போனக்காடு. ஏற்றத்தில் ரோடு என்று ஒன்று இல்லை, கல்தான். ஏறியது. லயத்து வாசலில் எல்லாம் கட்டித் தயாராக இருந்தது. கட்டில் சட்டங்கள், பீரோ, ஆட்டுக்கல், கூடையில் ஒரு கோழி. வடிவம்மாள் சின்ன உருவம், குரல் பெரிசு. ஏறுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"இதுதானா அது?"

செல்வகணேஷ் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். "ஆமாம்மா" என்றேன். "இப்ப சரி பண்ணியாச்சு."

"நீயே வந்து சொன்னதாலதான் ஏறுதேன்" என்றுவிட்டு நடுவில் ஏறி உட்கார்ந்தார். மகன் ஓரத்தில். கோழி அவர் மடியில்.

முதல் வளைவில் முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், பார்வை என் காலில். கூச்சமாக இருந்தது, செருப்பில் வேறு கிரீஸ். இரண்டாவது வளைவிலும் அப்படியே. மூன்றாவதில் ஒரு கை கோழிக்குப் போனது. அப்புறம் நான் ரோட்டைத்தான் பார்த்தேன்.

செக்போஸ்ட் தாண்டி ரோடு சமதளமானதும் செல்வகணேஷ் என் தோளைத் தட்டி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். வடிவம்மாள் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எந்த வளைவில் தூங்கினார் என்று அவனுக்கும் தெரியவில்லை.

விதுரை வரைக்கும் ஹாரன் அடிக்காமல் ஓட்டினேன்.