சுறா எண்ணெய் மணத்த துடுப்பு

மச்சான்,

இன்று காலை வாவிக்கரையில் யாரோ ஒரு புதுத் தோணிக்குச் சுறா எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. கூட வந்த மகள், நெஞ்சு நோகிறதா என்று பதறினாள். ஒன்றுமில்லை என்றேன். உன் துடுப்பின் கதையை அவளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

வெளிநாட்டுச் சாமான்கள் கடைக்கு வராத எழுபதுகளின் தொடக்கம் அது. அரிசி மில்லின் பெல்ட் உன் இடக்கையின் கடைசி இரண்டு விரல்களைக் கொண்டுபோய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நம் கிரிக்கெட் கழகத்தின் பழைய துடுப்பை ஒருநாள் பிடித்துப் பார்த்தாய். கையிலிருந்து வழுக்கிக் கழன்றது. அதன்பிறகு நீ மைதானத்துப் பக்கமே வரவில்லை. மாதா கோயிலில் பூசைக்கு வந்தாலும் அந்தக் கையைச் சட்டைப்பைக்குள்தான் வைத்திருப்பாய்.

பட்டணத்து அணியோடு எங்களுக்கு ஆட்டம் இருந்த சனிக்கிழமை, சாக்கில் சுற்றிய ஒன்றோடு சைக்கிளில் வந்து இறங்கினாய்.

“மாங்கேணியில தோணி செய்யிற ஓடாவியிட்டச் சொல்லிச் செய்விச்சன். என்ட கைக்கெண்டே செய்தது.”

சாக்கை அவிழ்த்ததும் சுறா எண்ணெய் நெடி அடித்தது. தோணிக்குப் பூசுவதையே மனிதர் இதற்கும் பூசியிருந்தார். கருஞ்சிவப்பான பூவரச மரம். பிடியின் நுனியில் குமிழ்போல ஒரு தடிப்பு. வாங்கி வீசிப் பார்த்தேன், தோளை இழுத்தது. பிடி என் கைக்குள் அடங்காமல் எங்கோ இடித்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. உன்னை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

“எப்பிடி?” என்றாய்.

“பாரம் மச்சான்.”

“பாரந்தான். ஆனா கழராது.” நீ பிடித்தபோது அந்தக் குமிழ் உன் மூன்று விரல்களுக்கும் கீழே கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

உன்னைக் கடைசி ஆளாகத்தான் போட்டார்கள். வெல்வதற்கு வழியில்லாத நேரத்தில், எங்கள் கடைசி விக்கெட்டாக நீ உள்ளே வந்தாய். மற்ற முனையில் நான். மிஞ்சியிருந்த ஒரேயொரு ஓவரை ஆட்டமிழக்காமல் கடத்தினால் தோல்வியில்லை.

பட்டணத்துத் தலைவன் உன் துடுப்பைப் பார்த்துச் சிரித்தான். “இது பெட்டா, தோணி வலிக்கிற சவளா? இதை விடேலாது ஐயா.”

நடுவர் வேறொரு துடுப்பை அதன்மேல் வைத்து அகலம் பார்த்தார். சரியாக இருந்தது. திருப்பித் தந்தவர், எண்ணெய்ப் பிசுக்கைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

முதல் பந்து உன்னைத் தாண்டி விக்கெட்டை உரசாத குறையாகப் போனது. அடுத்தது துடுப்பின் அடியில் பட்டது. அந்த அதிர்வில் துடுப்பு கையைவிட்டுப் பறந்து புல்லில் விழுந்தது. எல்லைக்கோட்டிலிருந்து சிரிப்பு. நான் ஓடி வந்தேன். உன் கைத் தழும்பில் இரத்தம் கசிந்திருந்தது.

“போதும், வெளிய போ. ஆட்டம் போனாப் போகட்டும்.”

“பெட் நழுவல்ல மச்சான். கை பயந்திட்டு. நீ அங்கால போ.”

போனேன். அதன்பின் வந்த பந்துகள் ஒவ்வொன்றும் ‘தொம்’ என்ற மந்தமான ஒலியோடு உன் காலடியிலேயே செத்து விழுந்தன. கடைசிப் பந்து நேரே பாதத்துக்கு வந்தது. துடுப்பை நிலத்தில் ஊன்றினாய். அதில் பட்டு உன் சப்பாத்தில் மோதிய பந்து, பின்பக்கமாக மெல்ல உருண்டது.

“பின்னால! பின்னால!” என்று கத்தினேன்.

நீ திரும்புவதற்குள் அது ஸ்டம்பைத் தொட்டுவிட்டது. தொட்டு, அப்படியே நின்றுவிட்டது. மேலே இருந்த சின்னக் கட்டைகள் விழவில்லை. நடுவர் குனிந்து பார்த்தார். பிறகு, நீ ஆட்டமிழக்கவில்லை, ஆட்டம் முடிந்தது என்று கையைக் காட்டினார்.

உன்னை யாரும் தோளில் தூக்கவில்லை. வேம்பின் கீழ் இருந்தபோதும் துடுப்பு உன் கையிலேயே இருந்தது. “விரிக்க ஏலல்ல கா” என்று மெல்லச் சொன்னாய். கை அப்படியே விறைத்துப் பூட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் ஆடினாய். அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் நான் ஒருநாளும் காணவில்லை.

உன் செத்தவீட்டில் அந்த விரல்களுக்கிடையில் செபமாலை சுற்றியிருந்தார்கள். எல்லாரும் தொட்டு முத்தமிட்டார்கள். நான் தொடவில்லை மச்சான். வேம்பின் கீழ் வியர்த்து, என் உள்ளங்கைக்குள் ஒவ்வொன்றாகத் திறந்த அந்த விரல்களின் சூடு போய்விடக்கூடாதே என்று தள்ளியே நின்றேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.