பழுப்பு திரும்பி வரும் வீடுகள்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் மாடிக் கணக்கு டீச்சர் வீட்டுக் கம்பளத்தில் பழுப்பு மறுபடி வந்திருக்கிறது. சொன்னவர் டீச்சரே, தொலைபேசியில், காலை 9.40க்கு. பின்சுவரை ஒட்டி நாற்பத்தொரு சென்டிமீட்டர் நீளம், ஏழு அகலம். ஸ்கேல் வைத்து அளந்தாராம்.

"இது மூணாவது தடவை சார். உங்க ஆளு வந்தா போகுது, ஆளு போனா வருது. எங்க மருமகன்கூட இவ்வளவு ஒழுங்கா வந்து போறதில்ல."

கம்பளி வெளுப்புத் தொழிலில் பழுப்புப் புகார் புதிதல்ல. சோப்பின் காரம் இழையில் தங்கினால், காய நாளானால், கம்பளி பழுப்பேறும். லேசான அமிலம் தெளித்து அலசினால் போய்விடும். போனது போனதுதான், திரும்ப வராது. இரண்டு வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்து கற்றது இவ்வளவு. அதற்கு முன் இருபத்தேழு வருடம் பத்திரிகை நிருபர். பத்திரிகையை மூடினார்கள்; மைத்துனன் தன் கம்பெனியில் புகார் மேசையைக் கொடுத்தான். "அத்தான், உங்களுக்குத்தான் பொறுமையா எழுத வரும்" என்றான்.

மூன்று முறை எப்படி வரும்?

மார்ச் 5, வியாழன்

நான்காம் மாடிப் பல் டாக்டர் வீட்டிலும் பழுப்பு. சொன்னவர் டாக்டரின் மனைவி. அதே பின்சுவர்.

மூக்கனை அனுப்பினேன். எங்கள் மூத்த வெளுப்பாள். கம்பளத்தில் மூக்கை வைத்தே நாயா, காபியா, பழைய ஈரமா என்று சொல்லிவிடுவார். பெயர் அப்படி வந்தது. மாலையில் வந்து, "போயிடுச்சு சார்" என்றார். அட்டையில் "சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

புகார் அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினேன். அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டுக் கூடத்திலும் ஒரே வெளிர் சாம்பல் கம்பளிக் கம்பளம், சுவருக்குச் சுவர். கட்டியபோதே போட்டது. மாடிக்கு ஒரு வீடு. தை மாதம் ஆறையும் நாங்கள் வெளுத்தோம். புகார் இரண்டாம், மூன்றாம், நான்காம் மாடிகளில். மூன்றும் ஒரே சுவர். சுவருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்கள் இறங்குகின்றன.

எங்கள் சோப்பு காரணம் என்றால் ஆறு வீட்டிலும் வந்திருக்க வேண்டும். கூடத்தின் நடுவிலும் வந்திருக்க வேண்டும்.

இதை முதல் புகார்களின்போதே பரப்பிப் பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கவில்லை? ஒவ்வொரு அட்டையும் தனித்தனியாக மூடப்பட்டிருந்தது. மூடியது நான்.

மார்ச் 9, திங்கள்

மூக்கன் டீ குடிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தக் கட்டடத்துக் கறைக்கு என்ன போட்டீங்க?"

"மொத தடவை வழக்கமான புளிப்புத் தண்ணி. அசையல. அப்புறம் துரு எடுக்கிற மருந்து. ஒரே தேய்ப்பு, ஓடிடுச்சு."

"துருவா?"

"துருதான் சார். மூணு வீட்டுலயும். மோந்தாலே தெரியும், பழைய ஆணி வாசனை."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கறை போச்சான்னு கேட்டீங்க. போச்சுன்னு சொன்னேன். வேற எதுவும் நீங்க கேக்கலையே?"

கேட்கவில்லை. கேள்வி கேட்டே இருபத்தேழு வருடம் பிழைத்தவன், கேட்கவில்லை.

கம்பளத்துக்கு அடியில் சிமென்ட் தரை. அதற்குள் இரும்புக் கம்பி. துரு மேலே வருகிறதென்றால் கம்பி நனைந்துகொண்டிருக்கிறது. தரை ஒவ்வொரு முறையும் சொன்னதை நாங்கள் தேய்த்துத் துடைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

மார்ச் 10, செவ்வாய்

பிப்ரவரியில் சங்கத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலைத் தேடி எடுத்தேன். படித்தேன். மடித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். பிப்ரவரி 20 அன்று கட்டடச் சங்கச் செயலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். நான் எழுதிய பதிலில் கடைசி வரி: "பழுப்புக்குக் காரணம் சோப்பு எச்சம் மட்டுமே, தரையிலோ கட்டடத்திலோ எந்தக் குறையும் இல்லை."

முதல் பாதி ஊகம். இரண்டாம் பாதி அதுகூட இல்லை. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வாக்கியம் முழுசாக முடியட்டும் என்று சேர்த்தேன். நிருபராக இருந்தபோது இப்படி ஒரு வரி எழுதிய பையனை இரண்டு மணி நேரம் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

இரண்டாம் மாடிக்கு நானே போனேன், மூக்கனோடு. இளம் தம்பதி. ஒன்பது மாதக் குழந்தை, பெண், தவழ்கிறது. அந்தச் சுவர் ஓரத்தில்தான் அதன் பாயும் பொம்மைகளும். கணவன் வேலைக்குப் போயிருந்தார்.

மூக்கன் கம்பளத்தின் மூலையைத் தூக்கினார். அடியில் சிமென்ட் செங்கல் நிறத்தில் இருந்தது. ஈரம். சுவருக்கு இணையாக ஒரு விரிசல். என் பழைய நிருபர் அட்டையை நுழைத்தேன், பாதிவரை போயிற்று. மூக்கன் குனிந்து மோந்தார். குழந்தையின் பாயைச் சுவரை விட்டுத் தள்ளி இழுத்துப் போட்டார்.

"என்னண்ணே, பூச்சி ஏதாவது இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். குழந்தை என் தோள்பை வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

மார்ச் 13, வெள்ளி

பழைய பழக்கத்தில் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரை அதே வீட்டுக்கு அழைத்துப் போனேன். சின்னச் சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். சுவர் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. காலிப் பெட்டியைத் தட்டுவது போல.

அவர் சொன்னது, சொன்னபடியே: "உறுதியாச் சொல்ல அறுத்துப் பாக்கணும். கம்பி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியாது. மூணு தளத்துலயும் ஒரே இடம்ங்கறதுதான் எனக்குப் பிடிக்கல. மேல இருக்கறது இறங்குனா கீழ இருக்கறது தாங்கணுமே?"

நகராட்சிக் கட்டடப் பிரிவுக்கு அவரே மனு எழுதிக் கொடுத்தார். பதிவு எண் என்னிடம் இருக்கிறது.

மார்ச் 14, சனி

இரண்டாம் மாடிக் கணவரைப் பார்த்தேன். சொன்னேன். மரியாதையாகக் கேட்டார். பிறகு கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கீழ்த்தள அறிவிப்புப் பலகை. அதில் என் கடிதம். கடைசி வரிக்குக் கீழே யாரோ சிவப்பில் கோடு போட்டிருக்கிறார்கள்.

"இது உங்க கையெழுத்துதான சார்? நாங்க போன மாசமே கிளம்பறதாத்தான் இருந்தோம். என் மாமியார்தான் கறையப் பாத்துப் பயந்தாங்க. இதப் படிச்சுட்டுத்தான் தங்கிட்டோம். இப்ப நீங்களே வந்து வேற சொல்றீங்க. எத நம்பறது?"

என்ன சொல்வது? என் பேச்சை நம்பு, என் எழுத்தை நம்பாதே என்றா?

மார்ச் 16, திங்கள்

பழைய கடிதத்துக்கு மறுப்பு எழுதி, முத்திரைக்காக மைத்துனனிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான்.

"அத்தான், நாம தரையத் துடைக்கிறவங்க. தரை விழுமா விழாதான்னு சொல்றவங்க இல்ல."

"விழாதுன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு, மாப்ளே. நம்ம லெட்டர்பேடுல."

"அதுக்கு? அந்தச் செயலாளர் கையில இன்னும் நாலு கட்டடம் இருக்கு. நீங்க ரிப்போர்ட்டரா இருந்தப்ப எழுதிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. இங்க அப்படி இல்ல. எட்டுப் பேர் குடும்பம் இருக்கு." கம்பெனி முத்திரையை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினான். சாவி சட்டைப் பைக்குள்.

எட்டுப் பேர் என்பது பொய்யில்லை. அதில் மூக்கன் ஒருவர். நானும் ஒருவன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். தம்பியை விட்டுக்கொடுக்காதவள் அவள். காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அவன் முத்திரை எதுக்குங்க? அந்த வரியை எழுதினப்ப அவன்கிட்ட கேட்டா எழுதினீங்க?"

மார்ச் 17, செவ்வாய்

வெள்ளைத் தாளில், முத்திரை இல்லாமல், என் வீட்டு முகவரியோடு எழுதினேன். பிப்ரவரி 20 கடிதத்தின் கடைசி வரி என்னால் சரிபார்க்கப்படாமல் எழுதப்பட்டது, அது தவறு, கறை துரு, அதை மூன்று வீட்டில் நாங்கள் அகற்றினோம், அதனால்தான் இப்போது கண்ணுக்குத் தெரிவது உண்மையைவிடக் குறைவு. மூக்கன் தானும் கையெழுத்துப் போடுவேன் என்றார். வேண்டாம் என்றேன். "நான்தான சார் தேச்சேன்" என்று பேனாவை வாங்கிப் போட்டுவிட்டார்.

செயலாளர் பலகையில் ஒட்ட மறுத்தார். "எல்லாரும் கிளம்பிப் போனா வாடகைக்கு உங்க வெளுப்புக்காரரா வருவாரு?" என்றார். பழைய கடிதத்தையும் எடுக்க விடவில்லை, சங்கத்தின் ஆவணமாம்.

ஆறு மாடி ஏறினேன். திறந்த ஒவ்வொரு கதவிலும் நின்று படித்துக் காட்டினேன். ஆறாம் மாடியில் ஒரு பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "முன்னாடி எழுதினதும் நீதானே?" என்றார். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டார். டாக்டர் வீட்டில், ஆய்வு முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள். டீச்சர் மட்டும் தாளை வாங்கித் திரும்பப் படித்தார். "தப்புன்னு எழுதறப்பதான் சார் உங்க கையெழுத்து தெளிவா இருக்கு" என்றார். பிறகு பெட்டி எங்கே என்று தேடப் போனார்.

இரண்டாம் மாடியில் கதவு திறக்கவில்லை. உள்ளே குழந்தைச் சத்தம் கேட்டது. தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினேன்.

மார்ச் 18, புதன்

உறுதியானவை மட்டும்.

டீச்சர் காலை 8 மணிக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நானே பார்த்தேன்.

இரண்டாம் மாடிக் கதவில் பூட்டு. கணவர் 11.20க்குப் போனில்: "அவளும் குழந்தையும் மாமியார் வீட்டுக்குப் போயாச்சு சார். நான் சாயங்காலம் வந்து சாமான் கட்டப்போறேன். நாளைக்குள்ள முடிச்சிருவேன்." இன்று ராத்திரி அங்கே படுக்க வேண்டாம் என்றேன். பார்க்கிறேன் என்றார்.

ஐந்தாம், ஆறாம் மாடிகளிலும் டாக்டர் வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் மாடி தெரியவில்லை. மணியடித்தும் பதில் இல்லை.

மைத்துனன் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினான். மூக்கனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மதியம் கட்டட வாசலில் வேறு ஒரு வெளுப்புக் கம்பெனியின் வண்டி நின்றது. குழாய்ச் சுருளையும் கேன்களையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த வீடு என்று கேட்டேன். "ரெண்டு, மூணு, நாலு. ஓரக் கறை மட்டும். நாளைக்கு யாரோ பாக்க வர்றாங்களாமே, அதுக்குள்ள முடிக்கணும்னு செயலாளர் சொன்னாரு" என்றார் ஓட்டுநர். தாளின் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். வாங்கி முன்கண்ணாடி ஓரம் வைத்தார், படித்தாரா தெரியாது. பூட்டிய இரண்டு வீட்டுக்கும் சங்கத்திடம் மாற்றுச் சாவி உண்டு.

நிலுவை: நகராட்சிப் பொறியாளரின் ஆய்வு. நாளை, வியாழன், காலை 10 மணி. கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கும்படி கேட்டு அலுவலகத்தில் கடிதம் கொடுத்திருக்கிறேன். அது அவர் கைக்குப் போனதா என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஒன்பது மணிக்கே வாசலில் நிற்பேன்.