ஏழு பத்து விமானத்தின் சத்தம்

அனுப்புநர்:
ப. குந்தவை (வயது 47),
த/பெ. காலஞ்சென்ற பஞ்சநதம்,
மேலத்தெரு, வடகால்குடி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
விமான நிலையம்.

பொருள்: 20.01.2025 அன்று பனிமூட்டத்தில் தரையிறங்க வந்த குவைத் விமானத்துக்கு வழிகாட்டிக் கருவி தவறான சைகை காட்டியது – உண்மையை எழுத்தில் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 03.03.2025.
2. தங்கள் அலுவலகப் பதில், நாள் 21.04.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நான் வடகால்குடியில் நாலு ஏக்கர் நெல் விவசாயம் பார்த்துக்கொண்டு என் தாயார் பூவம்மாளுடன் வசிக்கிறேன். தங்கள் ஓடுபாதையின் முனையிலிருந்து எங்கள் தெரு மூன்றரை கிலோமீட்டர். விமானங்கள் எங்கள் தலைக்கு மேல்தான் இறங்குகின்றன. சத்தம் வீட்டைக் கடந்து அடங்கினால் விமானம் தரையைத் தொட்டுவிட்டது என்று எங்கள் ஊரில் கணக்கு. முக்கால் மணி நேரத்தில் ஆள் வாசலில் வந்து நிற்பார். அந்தக் கணக்கு அதுவரை பிசகியதில்லை.

2. 17.01.2025 வெள்ளி மாலை என் தந்தையார் காலமானார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன், என் தம்பி ராம்கி, குவைத்தில் வேலை பார்க்கிறான். ஞாயிறு இரவுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. அதுவரை அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். திங்கள் காலை ஏழு பத்துக்கு விமானம்; ஏழரைக்கு ராகு காலம். அதற்குள் வீட்டிலிருந்து எடுத்துவிடுவது, தம்பி நேரே சுடுகாட்டுக்கு வந்துவிடுவது என்று பேசி முடிவு செய்தோம்.

3. அன்று எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியாத பனி. ஏழு பன்னிரண்டுக்குச் சத்தம் வந்தது. என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தாழ்வாக வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "தம்பி இறங்கிட்டான், எடுங்க" என்று சொன்னவள் நான். உடனே சங்கு ஊதினார்கள், பறை முழங்கியது. அந்த முழக்கத்தில், விமானம் இறங்காமல் மறுபடி மேலே ஏறிய சத்தம் எங்கள் யார் காதிலும் விழவில்லை. அவசரப்பட்டது என் தவறு. அதை எங்கும் மறைக்கவில்லை, இங்கும் மறைக்கப் போவதில்லை.

4. வாசலைத் தாண்டிய உடலைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரும் வழக்கம் எங்களிடம் இல்லை. நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஐஸ் பெட்டியும் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. வெட்டாற்றங்கரையில் அப்பாவை இறக்கி வைத்துக் காத்திருந்தோம். ஒன்பதே முக்காலுக்குச் சென்னையிலிருந்து தம்பி பேசினான். இரண்டு முறை இறங்கப் பார்த்தும் முடியாமல் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார்களாம். "அக்கா, கொஞ்சம் வைங்க, கார் எடுத்து வந்துடுறேன்" என்றான். சரி என்றேன். வெயில் ஏறியது. ஒன்றரை மணி வரைதான் வைத்திருக்க முடிந்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகாத ஊரில் கொள்ளி வைத்தது நான். அவன் ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவின் முகம் இல்லை.

5. தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய பதில் ஒரே வரி: "மோசமான வானிலை காரணமாக விமானம் திருப்பிவிடப்பட்டது." இதைத் தம்பிக்கு அனுப்பினேன். "பனி உங்க கண்ணுக்கும் தெரிஞ்சுதானே இருந்திருக்கும்? யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று எழுதினான். அதன்பிறகு ஏழு மாதமாக அவன் என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் பேசுகிறான். நான் அறைக்குள் வந்தால் போனை வைத்துவிடுகிறான்.

6. பனி இருந்தது உண்மை, ஐயா. ஆனால் பனியில் கண் தெரியாதபோது, எந்த உயரத்தில் எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று விமானிக்குக் காட்டத்தானே அந்தக் கருவி இருக்கிறது? அதே விமானத்தில் ஜன்னலோரம் இருந்த பக்கத்து ஊர் காதர் மைதீன் அண்ணன், முதல் முறை இறங்கும்போது "தென்னை மட்டை கைக்கு எட்டுற மாதிரி தெரிஞ்சுதும்மா" என்கிறார். எங்கள் ஜன்னல் அதிர்ந்ததும், விமானம் இறங்கிவிட்டது என்று நான் நம்பியதும் அதனால்தான். மூன்றாம் நாள், நாங்கள் பால் தெளித்துத் திரும்பிய காலையில், சிறிய விமானம் ஒன்று எங்கள் தெருவுக்கு மேல் ஒரே தடத்தில் பதினோரு முறை போய் வந்தது. நின்று எண்ணினேன். வழிகாட்டிக் கருவியைச் சோதிக்க வந்தது என்று தங்கள் வாயிற்காவலரே சொன்னார். பனிமூட்டத்தைப் பழுதுபார்க்க யாரும் விமானம் அனுப்ப மாட்டார்கள்.

7. விமானியின் மேல் எனக்குப் புகார் இல்லை. கருவி சொன்னதை அப்படியே நம்பாமல் அவர் மேலே ஏற்றியதால்தான் என் தம்பி இன்று என்மேல் கோபப்பட உயிரோடு இருக்கிறான். முடிந்தால் அவருக்கு எங்கள் நன்றியைச் சொல்லவும்.

8. இழப்பீடு எதுவும் நான் கேட்கவில்லை. அன்று காலை அந்தக் கருவி சரியாக இருந்ததா இல்லையா என்பதை, தங்கள் பதிவேட்டில் உள்ளபடி, தங்கள் கையொப்பத்துடன் ஒரு கடிதமாகத் தர வேண்டும். அதை எனக்கு அனுப்ப வேண்டாம். தம்பியின் குவைத் முகவரியை இணைத்துள்ளேன்.

வரும் தை மாதம் அப்பாவுக்குத் தலைத் திவசம். ராம்கி வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்; தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கிக்கொள்வானாம். அவன் பத்திரமாகத் தரையிறங்குவது தங்கள் கருவியைப் பொறுத்தது. இறங்கியவன் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவது தங்கள் கடிதத்தைப் பொறுத்தது. தைக்கு முன் அனுப்பி உதவும்படி மிகுந்த பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: வடகால்குடி
நாள்: 24.11.2025

இப்படிக்கு,
ப. குந்தவை

இணைப்பு: 1. தங்கள் பதிலின் நகல். 2. தந்தையாரின் இறப்புச் சான்று நகல். 3. ப. ராம்கியின் குவைத் முகவரி.