போலீஸ்காரியின் கையெழுத்து

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொல்ல வாய் வரவில்லை. "எட்டு வயசுப் பிள்ளைக்கு எழுத்து எவ்வளவு அழகா வருது" என்று போன கடிதத்தில் உருகியிருந்தாயே, அந்தக் கோணல்மாணல் எழுத்து என்னுடையது. எனக்கு ஐம்பத்தொன்று நடக்கிறது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் கை அதற்குமேல் வளரவில்லை. சிரித்தாயா? சிரித்துவிட்டு மிச்சத்தைப் படி.

ஆரம்பத்தில் இதில் கள்ளத்தனம் இல்லை. குண்டுவீச்சில் அம்மாவைத் தவறவிட்டு நம் குழந்தைகள் இல்லத்துக்கு வந்தபோது அந்தப் பிள்ளைக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாசலுக்கு யார் வந்தாலும், அரிசி லாரிக்காரரைக்கூட, மறித்துக்கொண்டு, "எந்தப் பக்கத்துல இருந்து வரீங்க? எங்கம்மாவப் பாத்தீங்களா? கன்னத்துல தழும்பு இருக்கும்" என்று விசாரிப்பாள். அதனால்தான் போலீஸ்காரி என்று பேர் வைத்தோம்.

போன ஜூலையில் ஒரு காலை அவளைக் காணோம். "அம்மாவக் கூட்டிட்டு வந்துடறேன், மத்தியானத்துக்கு ஒரு தட்டு சேத்து வைங்க" என்று சமையல்காரியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். விளையாட்டுப் பேச்சு என்று சமையல்காரியும், "சரிங்க மேடம்" என்றிருக்கிறாள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். "சண்டைல காணாமப் போனவங்க ஃபைலே இன்னும் முடியலம்மா" என்றார் எழுத்தர்.

அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, இவள் கடிதம் வருகிற நாளில்தான் சோறு இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். நான் என்ன செய்வேன்? பேனாவை எடுத்துவிட்டேன். அதன் பிறகு ஏழு கடிதங்கள். முன்பல் விழுந்ததாக எழுதியது என் கடைவாய்ப் பல்.

இப்போது அவளைப் பார்க்க வருவதாகச் சொல்கிறாய். தேட வா, ராசா. நாலு அகதி முகாம் இருக்கிறது. உன் பேருக்குக் கதவு திறப்பார்கள், எனக்குத் திறக்கவில்லை. பேப்பரில் அவள் படத்தைப் போடுவோம். என்னைத் திட்டுவதையும் நேரில் வந்தே வைத்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் என் சலவைக்கூடத்துக்குப் போகவில்லை. பிறகு போனேன், ஓட்டல்காரர்கள் விரிப்புகளுக்குக் காத்திருந்தார்கள்.

அவள் கடிதத்தை, இல்லத்துக்காக இங்கே நான் நடத்தும் அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நானே வாசித்தேன். முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். அவர்கள் தருவதில்தான் மற்ற நாற்பது பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். காணவில்லை என்று பத்திரிகையில் படம் வந்தால் இங்கேயும் பார்ப்பார்கள். நாற்பதா ஒன்றா என்று நீயே யோசி.

பயணத்தை ரத்து செய்துவிட்டேன். இல்லத்தின் வாசலுக்கு அவள் முகம் போட்ட புது இரும்புப் பலகை கப்பலில் வருகிறது. மாட்டிவிடு. கடிதங்கள் வழக்கம்போல் வரட்டும். அடுத்ததில் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டதாக எழுது.

இப்படிக்கு,
நிறுவனர்


மே 30

நிறுவனர் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன், என் தம்பி அதில் எங்காவது இருக்கிறானா என்று. நாலாம் வகுப்பில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போனதில்லை.

பஸ் பிடித்து இரண்டு முகாம்களுக்குப் போனேன். ஒன்றில் உள்ளே விட்டார்கள். கன்னத்தில் தழும்புள்ள பெண்கள் பதினொரு பேர் இருந்தார்கள். இவளை யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேர் தங்கள் மகளைப் பார்த்தாயா என்று என்னைக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பேப்பரில் அவள் படம் வருகிறது. அங்கே யார் பார்த்தாலும் பார்க்கட்டும். அதற்காகப் பிள்ளைகளின் சோற்றில் கை வைத்தீர்களானால், அந்த முந்நூறு பேருக்கும் நான் எழுதுவேன். இந்தக் கையெழுத்து அவர்களுக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
யாருடைய அக்காவோ

பி.கு.: பலகை வந்தது. திரும்பி வந்தால் தன் முகத்தைப் பார்த்து வாசலைக் கண்டுபிடிக்கட்டும் என்று நேற்று மாட்டினோம். பத்து நிமிடத்தில் கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. சத்தம் கேட்டதும் நாற்பது பிள்ளைகளும் கட்டில்களுக்கு அடியில் போய்விட்டார்கள். நானும் போனேன். சாப்பாட்டு நேரத்துக்குப் பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். நான் சிக்கிக்கொண்டேன். சமையல்காரியும் காவல்காரரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். கட்டிலின் ஒரு பக்கச் சட்டம் வளைந்துவிட்டது.