திருப்பி அனுப்பிய லாரி

ஐப்பசி 5, புதன்

காலையிலிருந்து மலைப்பக்கம் மூட்டம். மழைக்கு முன் அஸ்திவாரக் கான்கிரீட் போட்டாக வேண்டும். ஒன்பது குழியும் தயார். கம்பி கட்டியாயிற்று.

நாளைக்கு: மில்லுக்கு லீவு. ஆட்களுக்கு டீ, வடை. தார்ப்பாய் இரண்டு.

ராஜபாளையம் ரெடிமிக்ஸ் கம்பெனிக்குப் போன். காலை எட்டு மணிக்குக் கான்கிரீட் கலவை லாரி வேண்டும் என்றேன். எடுத்த ஆள், "வீட்ல ஆம்பளைங்க இருந்தா குடுங்கம்மா."

வீட்டு ஆம்பளை பட்டாளத்தில், காஷ்மீர் குளிரில் நிற்கிறார். மனை என் பெயரில். பிளானில் கையெழுத்து என்னுடையது. இதில் ஒன்றையும் சொல்லவில்லை. "எட்டு மணி" என்று மறுபடி சொல்லி வைத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். இப்போது வரை எரிகிறது.

ஐப்பசி 6, வியாழன்

எட்டு. ஒன்பது. பத்து. லாரி இல்லை. முத்தையா கொத்தனார் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். என் கொழுந்தன் முருகேசன் போனும் கையுமாக.

"இந்தா வந்துருச்சு மதினி. கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டாம்."

ராஜபாளையம் நமக்குத் தெற்கே. கிருஷ்ணன்கோவில் வடக்கே. அங்கே என்ன வேலை இந்த லாரிக்கு?

பதினொன்றரைக்கு வந்தது. வந்ததும் டிரைவர் ஹோஸை இழுத்து, சுற்றுகிற டிரம்முக்குள் தண்ணீர் விட ஆரம்பித்தார். நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கலவை போட்ட நேரம் ஏழு ஐந்து.

"இம்புட்டு நேரம் எங்க இருந்தீங்க?"

"கிருஷ்ணன்கோவில் பக்கம் வ. புதுப்பட்டில ஒரு வீட்டுக்கு இறக்கிட்டு வாரோம்க்கா. மிச்சம் ஒங்களுக்கு."

மிச்சம்!

"தண்ணி எதுக்கு?"

"இறுகிப் போச்சுல்லா. தண்ணி விட்டாத்தான் இறங்கும்."

கலந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேலானால் தொடாதீர்கள் என்று பிளான் போட்ட இன்ஜினியர் படித்துப் படித்துச் சொன்னார். இது நாலரை மணி நேரம். நான் பேசிக்கொண்டிருக்கையிலேயே முதல் குழி நிறைந்துவிட்டது. கஞ்சி மாதிரி. ஜல்லி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்.

ரெண்டாவது குழிக்கு முன்னால் போய் நின்றேன். "நிறுத்துங்க. கொண்டு போயிருங்க."

முத்தையா எழுந்து வந்தார். "தாயி, நான் முப்பது வருசமா வீடு கட்டுதேன். ஒங்களுக்கு என்ன தெரியும்?"

பேண்டேஜ் துணி மில்லில் தரம் பார்க்கிற வேலை எனக்கு, பதினொரு வருடமாக. மட்டமான சரக்கை வேண்டாம் என்று சொல்வதுதான் சம்பளமே. அது தெரியும்.

லாரி போய்விட்டது. தெரு முழுக்க வேடிக்கை. முருகேசன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவேன் மதினி?"

என்னிடம் பதில் இருக்கிறது. என்னை யார் கேட்டார்கள்.

ஐப்பசி 7, வெள்ளி

மழை. எட்டுக் குழியிலும் முட்டளவு தண்ணீர்.

மதியம் அவர் போன். சிக்னல் விட்டுவிட்டு. "ஊரே சிரிக்காம். கொத்தனார் சொல்லுததக் கேட்டா என்ன செல்வி?"

நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். "சரி சரி, முருகேசன்ட்ட குடு" என்றார். கொடுக்கவில்லை. துண்டித்துவிட்டேன். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் முதல் முறை.

பட்டன் தைக்க வேண்டிய மகளின் யூனிபார்ம் இன்னும் அப்படியே கிடக்கிறது. திங்கள் பாப்பாவுக்குப் பள்ளி.

ஐப்பசி 8, சனி

வெயில். முதல் குழியில் போட்ட கான்கிரீட்டைச் சாவியால் கீறினேன். ரெண்டு நாளாகியும் மாவாக உதிர்கிறது. முத்தையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதை உடைத்து எடுக்க வேண்டும் என்றேன்.

"மேல மண்ணப் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

வாய்தவறிச் சொன்னதாக நினைத்தேன். இல்லை. நிதானமாக, வெற்றிலை மென்றபடி.

"இது மேலதான் என் பிள்ள தூங்கப் போறா" என்றேன். கத்திவிட்டேன் போல. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"அப்போ வேற ஆளப் பாத்துக்கோங்க." கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். முருகேசனும் அவர் பின்னால், சமாதானம் பேச. எனக்கு யார் சமாதானம் பேசினார்கள்?

ஐப்பசி 9, ஞாயிறு

கடப்பாரையோடு நானே இறங்கினேன். பத்துக் குத்துக்குள் உள்ளங்கையில் கொப்புளம். வேலியோரம் மாரியம்மாள். முத்தையாவிடம் சித்தாளாக இருக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையில் ஏன் வந்தாள் என்று புரியவில்லை.

"தள்ளுங்கக்கா. இப்படிக் குத்தினா இடுப்புதான் போவும்." சேலையை இழுத்துச் செருகி இறங்கினாள். செத்த நேரம் குத்தினாள். பொறவு, "என் வீட்டுக்கும் இப்படித்தான் மிச்சத்தக் கொட்டுனாக. ஒரே வருசம். செவுத்து வெடிப்புல என் கை நுழையும். அன்னைக்கு நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். வாயத் தொறக்கல."

அவருக்கு வீடியோ கால் போட்டேன். போனைக் குழிக்குள் திருப்பி, கட்டியை எடுத்துக் கையால் நொறுக்கிக் காட்டினேன். தண்ணீரில் நனைந்த ரொட்டி போல உதிர்ந்தது.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். முகம் இருந்தது.

"கம்பி வளையாம உடைங்க" என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் இல்லை. நானும் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் குழி சுத்தம்.

ஐப்பசி 12, புதன்

வேறு கொத்தனார். ரெடிமிக்ஸ் வேண்டாம், மனையிலேயே மிஷின் வைத்துக் கலவை. மூட்டைக்கு ரெண்டு குடம் தண்ணீர், அதற்கு மேல் ஒரு செம்புகூட இல்லை. ஊற்றியது மாரியம்மாள். "கொஞ்சம் கூட விடு, கெட்டியா இருக்கு" என்று புது ஆளும் ஆரம்பித்தார்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "விட மாட்டேன்."

நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.